தாமலார் கொட்டாயும் ஒரு பாவும்

கங்கையம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி இன்னொரு காலை ஊன்றிக்கொண்டு, பாதி எழுந்த மாதிரிதான் இருப்பாள். அப்படிப்பட்டவள் எழுபத்திரண்டாம் வருஷம் ஆனி பிறந்ததும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டாள். தீபாவளிக்குள் சௌந்தரம் டாக்கீஸைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் அது நெல் குடோன் ஆகிவிடும்.

அந்தக் கொட்டகையைக் கட்டியது அவள் புருஷன் பூவராகவன். சொந்த ஊர் தாமல். ஏரித் தண்ணீர் பாயும் அருமையான நஞ்சையை விற்று, பட்டு நெய்கிற ஊரில் வந்து சினிமாக் கொட்டகை கட்டினார் மனிதர். தம்பி கண்ணாயிரம் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டான். “மண்ணை வித்துட்டு நிழலை வாங்கிக்கினு உக்காந்திருக்காரு எங்கண்ணன்” என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னான். பூவராகவன் அதை எங்கே காதில் வாங்கினார்? பெற்ற தாயின் பெயரை முகப்பில் சுதையில் எழுதி, அதற்கு இரண்டு பக்கமும் விளக்கேந்திய பெண்கள் இருவரை நிறுத்தினார். ஊர் அந்தப் பெயரைச் சீந்தவே இல்லை. முதல் நாளிலிருந்தே அது தாமலார் கொட்டாய்தான்.

சும்மா சொல்லக் கூடாது, ஓட்டிக் காட்டினார். அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் கை வைக்கமாட்டார்கள் என்பதை வந்த மாதத்திலேயே தெரிந்துகொண்டு, அமாவாசைக்கு அமாவாசை பகல் ஆட்டம் போட்டார். கூட்டம் அப்படி நெரிந்தது. பெண்கள் பக்கத்துக்கு மட்டும் சந்து வழியாகத் தனி வாசல். படம் எப்படி என்று கேட்டால் மூட்டைப்பூச்சிக் கடியைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஆனாலும் அடுத்த அமாவாசைக்கு வந்துவிடுவார்கள். பிறகு ஒரு மார்கழிப் புயலில் கூரைத் தகடுகள் பறந்தன. லைசென்ஸ் முடிந்துபோயிற்று. கூரை போட அலைந்த அலைச்சலிலேயே பூவராகவன் படுத்தார், எழுந்திருக்கவில்லை. கொட்டகையைப் பூட்டினார்கள்.

பூட்டிய கொட்டகை சும்மா கிடக்கவில்லை. பின்சுவரை ஒட்டினாற்போல் நெசவாளர் தெரு. தறிக்குப் போகுமுன் பாவை, அதாவது புடவையின் நீளத்து நூலையெல்லாம், விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். தெருவே இல்லாமல் பட்டு ஏது? மழைக் காலத்தில்தான் திண்டாட்டம். முதல் மழைக்கே ஆதிகேசவன் வந்து நின்றான். அந்தத் தெருவில் பத்துத் தறிக்காரர்கள் அவன் பேச்சைக் கேட்பார்கள்; ஆள் சாது.

“அக்கா, கூரை நடுவுல நல்லாத்தான் இருக்குது. நடுவழில ஒரு பாவு நீட்டிக்கலாமா?”

“இதுக்கு இன்னா கேள்வி? நீட்டிக்கோயேன். வௌவாலுங்க நீட்டி நீட்டிப் படுத்துக்கினு இருக்குதுங்க, நீ நீட்டினா இன்னா?” என்றாள் கங்கையம்மாள்.

அதிலிருந்து மழை பெய்தால் பாவு கொட்டாய்க்குள் வந்துவிடும். வாசலிலிருந்து திரை வரைக்கும் நடுவழி நீளம் மூன்று புடவைப் பாவுக்கு அளந்து வைத்தது போல இருந்தது. அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக இருட்டுக்குள் பட்டு மின்னும். ஆண்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்று இழை பிரிப்பார்கள். கங்கையம்மாளும் போய்க் கையை வைத்து, “அக்கா, நீ தள்ளு, நீ தொட்டா அறுந்துடும்” என்று திட்டு வாங்குவாள். வாங்கிக்கொண்டு ஆதிகேசவன் வீட்டு அடுக்களைக்குள் நேராகப் புகுந்து, அவன் பெண்டாட்டி தில்லையம்மாள் வைத்திருக்கும் குழம்பைத் தானே கரண்டியில் அள்ளிப் பார்ப்பாள். கட்டியவன் போன பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்த இடம் அதுதான். அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் கண்ணாயிரம் வந்து வெடியைக் கொளுத்திப் போட்டான். கொட்டகையில் அவனுக்கும் பாதிப் பாத்தியதை உண்டு; பாட்டன் நிலத்தை விற்றுக் கட்டியதாயிற்றே. “அண்ணி, தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீங்க படம் ஓட்டினா ஓட்டிக்கோங்க. இல்லாட்டி நெல்லு மூட்டை அடுக்கிடுவேன். சும்மா கிடக்கிற சுவத்துக்கு நான் இன்னா மாலையா போடறது?” என்றான்.

வந்ததே கோபம் அவளுக்கு! “போடுவேடா, மாலையும் போடுவே, முன் வரிசைல உக்காந்து கையும் தட்டுவே” என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை மூட முடியுமா? அன்று மாலையே கொத்தனார் வீரபாகுவைக் கூட்டிவந்து சாரம் கட்டச் சொன்னாள்.

அடுத்து வந்த மாதங்களில் அவள் யாரையும் நிம்மதியாக விடவில்லை. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஏறியது. வௌவால்களைப் புகை போட்டு விரட்டினார்கள். அவை பக்கத்துப் புளியமரத்துக்குக் குடிபோயின. பழைய புரொஜெக்டரை ஆப்பரேட்டர் அந்தோணி திருகு திருகாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூட்டைப்பூச்சி ஏறிய பெஞ்சுகளை விறகுக்குத் தள்ளிவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டார்கள். முகப்புப் பெண்களில் ஒருத்திக்கு மூக்கு உடைந்திருந்தது. வீரபாகு வைத்துக் கொடுத்த புது மூக்கைப் பார்த்துக் கங்கையம்மாள் தெருவே கேட்கக் கத்தினாள்.

“இன்னாய்யா இது? விளக்கு ஏந்தச் சொன்னா திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரன் மாதிரி நிக்கிறா! உன் வீட்டு மூக்கையெல்லாம் என் கொட்டாய்ல கொண்டாந்து வெக்கிறியா?”

வீரபாகு மூன்றாவது முறையாக ஏறி மூக்கைச் சுரண்டினான். தரைக்குச் சிவப்புக் காவி போட்டு, மெழுகு தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினார்கள். அந்தத் தரையில் அவள் எவரையும் செருப்போடு விடவில்லை. எல்லாம் முடிந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைசென்ஸ் வரவேண்டுமே! அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் படப்பெட்டி அனுப்புவோம் என்று விநியோகஸ்தர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த அதிகாரிக்கும் தீபாவளிக்கு முன் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் ஒழிந்தது. அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு குறை பட்டுவிட்டால் அடுத்து தை மாதம்தான். அதற்குள் கண்ணாயிரம் மூட்டையை அடுக்கியிருப்பான்.

நடுவழி துப்புரவாக, ஒரு துரும்பு குறுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் சனங்கள் ஓடுகிற வழி அது, அதைத்தான் முதலில் பார்ப்பார் என்று அந்தோணி வேறு கிலி மூட்டி வைத்திருந்தார். ஆகவே கங்கையம்மாள் முன்கூட்டியே ஆதிகேசவனிடம் போய்ச் சொன்னாள். “வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் கொட்டாயை மறந்துடுபா. மத்த நாளு உன்னுதுதான்.”

“சரிக்கா, அதுக்கு இன்னா” என்று தலையாட்டினான் அவன். குற்றம் சொல்ல இடமே இல்லை. அவள் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை வந்தது. விடிவதற்கு முன்பே குளித்து, கிரில் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலுக்கும் திரைக்கும் நடந்தாள் கங்கையம்மாள். அந்தோணி மேலே மெஷின் ரூமில் இருந்தார். அதிகாரி எந்நேரமும் வரலாம். வானம் கறுத்துக் கிடந்தது. மழை வந்தால் அதிகாரி வராமல் போய்விடுவாரோ என்று மட்டும் ஒரு பயம். பின்தெருவில் அன்றைக்குப் பாவு போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

மழை சடசடவென்று கொட்டியது. தெருவில் பெண்கள் அலறுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பார்த்தால், தேர்வடத்தைத் தூக்கிவருகிற மாதிரி நீளப் பாவை ஒரு கூட்டமே கையில் ஏந்திக்கொண்டு கொட்டகையை நோக்கி ஓடி வருகிறது! ஆண்கள் வேட்டியை அவிழ்த்து அதன்மேல் பிடித்திருந்தார்கள். பெண்கள் முந்தானையை விரித்திருந்தார்கள். மடித்து வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஈரக் கஞ்சியோடு மடித்தால் இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறும். நீட்டியபடியே எங்கேயாவது நுழைய வேண்டும். அதற்கு ஊரில் ஒரே இடம்தான் இருந்தது.

முன்னால் ஆதிகேசவன். கதவை அவன் தட்டவில்லை, குலுக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா” என்றான்.

கங்கையம்மாள் கை சாவிக்குப் போயிற்று. போனது அப்படியே நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். சிவப்புத் தரை, துரும்பில்லாத நடுவழி. இவர்கள் நுழைந்தால் கஞ்சியும் சேறும் சாயமுமாகிவிடும். அதை அலம்பிக் காயவைக்க அரை நாளாகும். அதிகாரி இதோ வருகிறார். கண்ணாயிரம் சிரிப்பான். புருஷன் உயிரைக் கொடுத்த கொட்டகை நெல் குடோனாகிவிடும்.

“கொஞ்சம் இருபா” என்றாள். “இதோ அதிகாரி வந்துக்கினே இருக்காரு. பாத்துட்டுப் போயிடட்டும். கொஞ்ச நேரம்தான். ஓரமா, சன்ஷேடு கீழ நில்லுங்கப்பா.”

சன்ஷேடு ஒரு முழம். பாவு கொட்டகை நீளம். எப்படி நிற்பது?

“அக்கா, கஞ்சி கரைஞ்சுக்கினு இருக்குதுக்கா” என்றாள் தில்லையம்மாள். முந்தானையைப் பிடித்திருந்ததால் முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

“எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் வேண்டுதலா? முன்னாடியே சொன்னேன் இல்ல, இன்னிக்கு ஒரு நாள் வேணாம்னு!” என்று கத்தினாள் கங்கையம்மாள். கத்தினால் தான் சொல்வது நியாயமாகிவிடும் என்று நினைத்தாளோ என்னமோ. திரை வரைக்கும் விறுவிறுவென்று போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. அதற்குள் அவள் நெஞ்சு ஆயிரம் பேச்சுப் பேசிவிட்டது. இடையில் ஒருமுறை, கண்ணாயிரமாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றியது. அப்போது ஓடிவந்து பூட்டில் சாவியைப் போட்டாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

“வாங்கப்பா! கொண்டாங்க! அதிகாரி வந்தா வரட்டும்.”

ஒருவரும் நகரவில்லை. ஆதிகேசவன் பாவைக் குனிந்து பார்த்தான். அரக்குச் சாயம் மஞ்சள் கரையில் இறங்கிவிட்டிருந்தது. இரண்டு விரலால் ஓரிடத்தில் இழையைப் பிரித்துப் பார்த்தான், அறுந்தது. இன்னோரிடத்தில் பார்த்தான், அங்கேயும் அறுந்தது.

“வேணாங்கா. இனிமே உள்ள கொண்டாந்து ஒண்ணும் ஆகப்போறதில்லை. உங்க தரை வீணாயிடும்” என்றான். குரலில் கோபம் துளிகூட இல்லை. அவர்கள் பாவைச் சுருட்டினார்கள். ஆமாம், சுருட்டினார்கள், இனி ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? தெருமுனையில் அவர்கள் திரும்பவும், இந்தப் பக்கம் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நடுவழியைப் பார்த்தார், மணல் வாளிகளைப் பார்த்தார், மெஷின் ரூமுக்கு ஏறி இறங்கினார். “ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கங்கையம்மாள் கைகூப்பினாள். அவர் போன பிறகு அந்தோணி மாடிப்படியில் ஓடிவந்து, “அம்மா, கெடச்சுடுச்சும்மா!” என்று குதித்தார். “கெடச்சுதுப்பா” என்றாள் அவள். இத்தனை மாதமாகப் பேயாய் அலைந்தது இந்த ஒரு கையெழுத்துக்காக. அது கிடைத்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தெருவுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். சாக்குக்கா பஞ்சம்? போஸ்டர் ஒட்டணும், பெட்டி வரணும், டிக்கெட் கிழிக்க ஆள் வைக்கணும். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நாள் ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்தனுப்பினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தீபாவளியன்று மத்தியான ஆட்டம். அப்பப்பா, என்ன கூட்டம்! மாகறலிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தாமலிலிருந்து வந்த பஸ்ஸில் மேலேயும் ஆட்கள். கண்ணாயிரம் பட்டு ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து முகப்புக்கு ஒரு மாலையே போட்டுவிட்டான், மானஸ்தன். “அண்ணி, சாதிச்சுட்டீங்க. எங்கண்ணன் இருந்து பாக்கலையே” என்று சொல்லி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் பல்லைக் கடித்திருப்பாள்! கேட்டாள். “உக்காரு தம்பி” என்றாள். கண் மட்டும் பெண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நெசவாளர் தெருப் பெண்கள் புதுப்புடவை சரசரக்க வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தில்லையம்மாள் இல்லை.

விளக்கு அணைந்து திரையில் வெளிச்சம் விழுந்தது. கொட்டகை அதிர விசில் பறந்தது. கங்கையம்மாள் நின்றாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். ஓரிடத்திலும் ஒட்டவில்லை. சந்து வாசலைத் திறந்து வெளியே வந்தாள்.

சந்தில் நின்றபோது அது கேட்டது. தீபாவளியன்று காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டிலும் தறி ஓடாது. அன்று ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றே ஒன்று. யார் வீட்டுத் தறி என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போனாள். வாசல் திறந்தே இருந்தது. ஆதிகேசவன் குழித்தறியில் பழைய வேட்டியோடு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். நெற்றியில் எண்ணெய் தேய்த்துக் குளித்த அடையாளம் இருந்தது. நாளுக்கு உண்டான மரியாதையை அவன் விடவில்லை. அவளைப் பார்த்ததும் காலை எடுத்துத் தறியை நிறுத்தினான்.

“நல்ல நாளும் அதுவுமா இன்னாபா இது?” என்றாள். வேறு எதையோ சொல்லத்தான் வந்தாள்.

“அந்தப் பாவு போனதுக்குப் பதில் பாவுக்கா. கல்யாணத்துக்குக் கேட்டிருந்தாங்க. நாள் நெருங்கிக்கினு வருது.”

“ஆதி, என்னைத் திட்டேன்பா.”

அவன் குனிந்து அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டான்.

“வாய்க்கு வந்தபடி திட்டு. கதவைத் திறக்காத பாவின்னு சொல்லு. கொட்டாய் வாசல்ல நின்னு ஊர் கேக்கத் திட்டு, நான் கேட்டுக்கறேன். இப்படிக் கம்முனு இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்பா!” யாருக்கும் தலைகுனியாத மனுஷி, தான் அடித்த பிள்ளையிடமே கெஞ்சுகிற தாய் போல நின்றாள்.

“உங்க மேல இன்னாக்கா தப்பு? நீங்கதான் முன்னாடியே சொன்னீங்களே” என்றான் ஆதிகேசவன். “தப்பு எங்களுதுதான். எங்கப்பா காலத்துல விடிகாலைல எழுந்ததும் முதல் வேலை வானத்தைப் பாக்கறதுதான். காத்து எந்தப் பக்கம், ஈசல் பறக்குதா, எல்லாம் பாத்துட்டுத்தான் பாவைத் தொடுவாங்க. உங்க கொட்டாய் கிடைச்சதும் நாங்க அதை விட்டுட்டோம். அன்னிக்கும் பாக்கலை. நீங்க சொன்னது மண்டைல இருக்குது, ஆனா மழை வந்தா கொட்டாய் இருக்குதேன்னு கை பாட்டுக்குப் பாவை நீட்டிடுச்சு.”

“நாளைக்கே திறந்து வெக்கிறேன்பா. நாற்காலிய வேணும்னாலும் தூக்கிடறேன். ஆட்டம் மத்தியானம்தானே, காலைல உங்களுதுதான், பூட்டவே மாட்டேன்.”

“வேணாங்கா. இனிமே வானத்தைப் பாத்துக்கறோம்.”

அவன் அதை ரொம்ப மெதுவாக, நோகாமல்தான் சொன்னான். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து தில்லையம்மாள் வந்தாள். கையில் புதுக் கோரைப்பாய். அதைச் சுவரோரமாக விரித்தாள். கங்கையம்மாள் அந்த வீட்டில் என்றைக்கும் வெறுந்தரையில்தான் உட்கார்ந்தவள். பாய் சம்பந்தி வந்தால் விரிக்கிறது. ஒரு தட்டில் இரண்டு அதிரசமும், டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து பாய்க்கு முன்னால் வைத்தாள்.

“உக்காருங்கக்கா” என்றாள். “வீடு தேடி வந்திருக்கீங்க, நல்ல நாளு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் எதற்கோ எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். கங்கையம்மாள் பாயின்மேல் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தாள். அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டு, மெல்ல முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். ஆதிகேசவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தறியில் காலை வைத்து மிதிக்க ஆரம்பித்தான்.